வரிசை எண் இருநூற்றுப் பதினைந்து

பழவேற்காடு
2.7.2025, புதன்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உம்மா வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இதற்குள் நீங்கள் நூறு தடவை போன் செய்திருப்பீர்கள். எனக்குத் தெரியாது. பொன்னேரி தாண்டும்போதே சிம்மைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டேன். இனி உங்களோடு பேசுவதென்றால் காகிதத்தில்தான். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டபோது அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் காலத்தில் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறவள் என்று ஊரில் பெயர் வாங்கப்போகிறேன்.

நிக்காஹுக்கு நீங்கள் வாங்கித் தந்த போன் இங்கேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு வைஃபையில் உம்மா ஹஜ்ரத்தின் மார்க்கப் பயான் கேட்கிறார்கள். மருந்துச் சீட்டைப் படமெடுத்து வைக்கவும் ஆகிறது. அதற்கு இப்போது அவ்வளவுதான் மரியாதை.

உம்மா தினமும் கேட்கிறார்கள். "இன்னாடி ஆச்சு, கை நீட்டிட்டாரா? குடிக்கிறாரா? வேற எவளாச்சும் கீறாளா?" மூன்றும் இல்லை என்றால் பிறகு எதற்கு வந்தாய் என்கிறார்கள். நீங்கள் செய்ததற்கு எங்கள் ஊரில் பெயர் இல்லை மச்சான். அதனால் வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யும் இல்லை. அன்றிலிருந்து சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது.

நீங்கள் அஸர் தொழப் போயிருந்தீர்கள். நான் ஒரு ஆதார் அட்டையை பிரிண்ட் எடுக்கக் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் நம் கடைக்கு வரும் சுமலதாவின் படங்கள் திறந்திருந்தன. கழுத்திலிருந்து மார்பு வரை, கெமிக்கல் தெறித்து வெந்த இடம். கம்பெனியில் அந்த விபத்து நடந்த நாளிலிருந்து, சென்னை டாக்டருக்குக் காட்டுவதற்காக அந்தப் பெண் தினமும் ஒரு படம் எடுத்திருக்கிறாள். நாற்பத்திரண்டு படங்கள். ஒன்றைப் பெரிதாக்கி வைத்திருந்தீர்கள். பக்கத்தில் பாதி தின்ற போண்டா. மவுஸ் முழுக்க எண்ணெய்.

நீங்கள் வந்ததும் கேட்டேன். "ஆறிடுச்சான்னு பாத்தேன், பாவம்" என்று சொல்லிவிட்டு மீதிப் போண்டாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். நான் பின்னால் போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தேன்.  இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிரிட்ஜில் இருக்கும் இறால் தொக்கை இந்நேரம் கொட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜுவைரியா

*

நூர் மொபைல்ஸ், புதுவாயல்
7.7.2025

என் உயிர் ஜுவைரியாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். கவரைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டுப் பிறகுதான் பிரித்தேன். உள்ளே உன் கையெழுத்து. தொக்கு வரைக்கும் விசாரித்திருக்கிறாய். அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம். நான் பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது, எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

நான் செய்தது தப்பு. ஆனால் எவ்வளவு தப்பு என்று நீயே நிதானமாக யோசி. நான் யாருக்காவது காட்டினேனா? விற்றேனா? எவனையாவது மிரட்டினேனா? பார்த்தேன், அவ்வளவுதான். நம் கடையில் போன் வாங்குகிறவர்களுக்கு மெயில் ஐடி என்றால் என்னவென்றே தெரியாது. நாமே திறந்து, நாமே பாஸ்வேர்டு வைத்து, நீல நோட்டில் எழுதி வைக்கிறோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி, கடைப் பெயரும் அவர்கள் நம்பரின் கடைசி நாலு எண்ணும். அப்படி வைத்ததால்தானே கெங்கம்மாள் ரயிலில் போனைத் தொலைத்துவிட்டு அழுதபோது செத்துப்போன மகன் படம் அத்தனையும் திருப்பிக் கொடுக்க முடிந்தது? அந்த அம்மா என் காலைத் தொட வந்ததை நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய். யாசர் கடையில் வாங்கினால் போட்டோ தொலையாது என்று சிப்காட் முழுக்கப் பேச்சு.

இன்னொன்றும் சொல்கிறேன். படமெல்லாம் எங்கே இருக்கிறது? நம் கடையிலா? கிளவுடில். ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு கட்டடத்தில். அந்தக் கம்பெனி பார்க்காமலா இருக்கிறது? மூஞ்சி மூஞ்சியாகப் பிரித்து வைக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் என்று பழைய படத்தை எடுத்துக் காட்டுகிறது. உனக்கு அப்படி வந்தபோது சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினாய். அவ்வளவு பெரிய கம்பெனி பார்த்தால் வசதி, புதுவாயலில் கடை வைத்திருக்கிறவன் பார்த்தால் பாவமா?

ராத்திரிச் சாப்பாடு ஹோட்டலில். பரோட்டா ரப்பர் மாதிரி இருக்கிறது. நீ வரும் நாளைச் சொல், வண்டி கொண்டுவருகிறேன்.

உன்னுடைய
யாசர்

*

பழவேற்காடு
11.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கம்பெனியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கம்பெனிக்காரன் செய்வதும் எனக்கு அருவருப்புதான். எவனோ ஒருவன் நம் ஜனங்களின் கல்யாணம், கருமாதி, காயம் எல்லாவற்றையும் கிடங்கு போட்டு வைத்திருக்கிறான், இலவசம் என்று சொன்னதும் நாமும் வரிசையில் நின்று கொடுத்தோம். ஆனால் அவன் என் கையால் சோறு சாப்பிடவில்லை. சுமலதா கடைக்கு வந்தால் "அண்ணே நல்லா கீறீங்களா" என்று அவனைக் கேட்பதில்லை.

அந்தப் பெண் உங்கள் கையில் போனைக் கொடுக்கவே மாட்டாள், நினைவிருக்கிறதா? "அக்கா, நீங்களே பாருங்க, ஆம்பளைங்க கையில குடுக்கறதுக்கு ஒரு மாதிரியா கீது" என்று என் மேஜைக்கு வருவாள். அதற்குத்தானே பெண்களுக்குத் தனி கவனிப்பு என்று போர்டில் எழுதி என்னை ஓரத்தில் உட்கார வைத்தீர்கள். நானும் பெரிய காவல்காரி மாதிரி வாங்கி, ஐடி திறந்து, நோட்டில் எழுதி வைத்தேன். சுமலதாவின் பாஸ்வேர்டு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்து அடித்துத்தான் உள்ளே போயிருக்கிறீர்கள். என் விரலைப் பார்த்தாலே எனக்குக் கூசுகிறது.

இன்னும் கேளுங்கள், என்னையும் விட்டுவைக்க மாட்டேன். மூன்று வருஷமாகச் சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் ஊர்க் கதை சொல்வீர்கள். ராஜமாணிக்கம் சார் வீட்டில் விக் போட்டுப் பார்த்து நாலு பக்கமும் படமெடுத்துக்கொள்கிறார் என்றீர்கள். முனுசாமியின் மனைவி நகையை அடமானம் வைத்துவிட்டுக் கவரிங் போட்டிருக்கிறாள் என்றீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? என் புருஷனுக்கு எல்லார் மனசும் தெரியும் என்று பெருமைப்பட்டேன். விக் கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். சோற்றோடு சேர்த்து அதையெல்லாம் தின்றிருக்கிறேன் மச்சான். சுமலதா படத்தைப் பார்த்த அன்று அதெல்லாம்தான் வெளியே வந்தது.

வரும் நாளைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வர ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். இங்கே ராத்திரி உம்மாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், அதைவிட உங்கள் குறட்டை தேவலை. ஆனால் ஒரு காரியம் முடிய வேண்டும். நீல நோட்டில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். "உங்கள் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது, நான் உள்ளே பார்த்திருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களே தங்கள் கையால் மாற்ற வேண்டும், நீங்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மாற்றியவர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடட்டும். பிறகு நோட்டை எரித்துவிடுங்கள். இனி அடுத்தவர் போனுக்குள் நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் போதும், அடுத்த பஸ்ஸில் வருவேன்.

சுமலதாவிடம் முதலில் சொல்லுங்கள்.

ஜுவைரியா

*

புதுவாயல்
26.7.2025

என் உயிர் ஜுவைரியாவுக்கு,

பத்துப் பன்னிரண்டு நாளாகக் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு அலைகிறேன். சிப்காட் கேட், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன், ஷிப்டு முடிந்து பஸ் ஏறுகிற இடம் என்று ஒவ்வொன்றாக. இந்தக் கவரோடு பட்டியல் வைத்திருக்கிறேன். இருநூற்றுப் பதினாலு பேர், வரிசை எண் போட்டு, கையெழுத்தோடு. நோட்டில் மீதியிருந்தவர்கள் ஒடிசா, பீகார் என்று ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

நீ என்னவோ ஜனங்கள் என்னைச் செருப்பால் அடிப்பார்கள் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் பயந்தேன். நடந்தது வேறு. முனுசாமி சொல்கிறான், "பாய், இதுக்கா இம்மாந்தூரம் வந்தே? நீயே வச்சிக்க பாய். நான் மாத்தி மறந்துட்டேன்னா பேஜாராப் பூடும்." நான் உள்ளே பார்த்திருக்கிறேன் என்று அழுத்திச் சொன்னேன். "பாத்தா இன்னா, என்னான்ட இன்னா கீது" என்று சிரித்தான். அவன் மனைவி பின்னால் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் அவளே மாற்றினாள்.

ராஜமாணிக்கம் சார் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார். பாதி சொல்லும்போதே எழுந்து ஜன்னலை மூடினார். "இன்னாய்யா பாத்தே?" என்றார். அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று. டீயை முடிக்காமல் வந்துவிட்டேன். அதுவரைக்கும் எனக்கு அவர் ஒரு கதைதான். அன்றைக்குத்தான் ஜுவைரியா, எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று.

நீ சொன்னபடி சுமலதாவிடம் முதலில்தான் போனேன். எழுதத் தைரியமில்லாமல் கடைசியில் எழுதுகிறேன். கடைக்கு வரச் சொன்னேன். துப்பட்டாவைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு வந்தாள். சொன்னேன். "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். "அவள்தான் கண்டுபிடித்தாள், அதனால்தான் போய்விட்டாள்" என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பாஸ்வேர்டை மாற்றினாள். கையெழுத்துப் போட்டாள், வரிசை எண் ஒன்று அவளுடையதுதான். வெளியே போய்க் கடை வாசலில் காறித் துப்பினாள். பக்கத்து டீக்கடையில் எல்லாரும் பார்த்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து கழுவினேன். என் கையாலேயே கழுவினேன்.

நீல நோட்டை நேற்று எரித்தேன். பிளாஸ்டிக் அட்டை நாற்றம் இன்னும் போகவில்லை. நீ சொன்ன அத்தனையும் முடிந்தது. மாமிக்கு இந்த மாதிரிக் கண்ணில் பச்சைத் துணி கட்டியிருக்கும் நேரத்தில் அடுப்பு வேலை, சொட்டு மருந்து எல்லாம் நீ ஒருத்தியே பார்க்கிறாய் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. துணி அவிழ்த்ததும் வந்துவிடு.

உன்னுடைய
யாசர்

*

பழவேற்காடு
30.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பட்டியல் கிடைத்தது. ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தேன். ராஜமாணிக்கம் சார் ஜன்னலை மூடியது எனக்கும் வலித்தது. சுமலதா விஷயத்தை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். நேற்று ஐந்து வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். மடவை மீன் குழம்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதைச் சாக்காக வைத்து நீங்கள் இங்கே வந்துவிடக் கூடாது என்று நான் எழுதவே இல்லை. பொன்னேரிக்குக் கூட்டிப்போய் வந்தது நானும் உம்மாவும் மட்டும்தான்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஜுவைரியா

*

புதுவாயல்
4.8.2025

என் உயிர் ஜுவைரியாவுக்கு,

இதைப்போய்ப் பெரிய கேள்வியாகக் கேட்கிறாயே. உன் மாமா அசன் முகைதீன்தான் சொன்னார். போன வாரம் இந்தப் பக்கம் வந்தவர், போன் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். "உங்க மாமிக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, வந்து பாக்க மாட்டீங்களா மருமவனே" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலை குனிவாக இருந்தது.

நீ இப்படிச் சந்தேகப்பட்டால் நான் என்ன செய்வது? நீ சொன்னதை எல்லாம் செய்தேன். இருநூற்றுப் பதினாலு பேரிடம் தலை குனிந்தேன். வாசலில் துப்பியதைக் கழுவினேன். இன்னும் என்ன பாக்கி? கடையில் உன் நாற்காலி காலியாக இருக்கிறது. பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அக்கா இல்லையா என்று திரும்பிப் போகிறார்கள்.

உன்னுடைய
யாசர்

*

பழவேற்காடு
10.8.2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. போதும் மச்சான், இனி கேள்வி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. உம்மாவின் கண்ணும் தெளிந்துவிட்டது, கருவாட்டில் மண் இருக்கிறது என்று என்னைத் திட்டுகிற அளவுக்குப் பார்வை வந்துவிட்டது.

வருகிற வியாழக்கிழமை, பதினாலாம் தேதி, காலை பத்து மணிக்குப் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். வீட்டுக்கு வர வேண்டாம், உம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்வார்கள். நான் பெட்டியோடு அங்கே நிற்கிறேன். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், பெருநாளைக்கு எடுத்தது. அதில்தான் நீங்கள் கொஞ்சம் பார்க்கும்படி இருக்கிறீர்கள்.

உங்கள்
ஜுவைரியா

*

புதுவாயல்
15.8.2025

ஜுவைரியா,

இது என்ன விளையாட்டு? நேற்று பக்கத்துக் கடை ஆசீர்வாதத்திடம் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். நீ எழுதியபடி பச்சைச் சட்டைதான். முதல் நாள் வீட்டைக் கழுவி, தலையணை உறை மாற்றி, சமையல் கட்டுக்குப் புது விளக்குக் கூடப் போட்டிருந்தேன். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. பொன்னேரி பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். நீ உள்ளூரிலிருந்து நடந்துதான் வருவாய் என்று தெரிந்தும் பஸ்ஸை ஏன் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. லுஹர் தொழுதுவிட்டு வந்து மறுபடி நின்றேன். இரண்டு மணிக்கு நாவல்பழம் வாங்கி, அதை நானே தின்றுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருப்பேன். நீதான் வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கருவாட்டு மண் தெரிகிற அளவுக்கு மாமிக்குக் கண் தெளிந்ததில் சந்தோஷம். ஆனால் வருகிறேன் என்று உன் கைப்பட எழுதிவிட்டு வராமல் இருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? மனசு மாறிவிட்டதா? உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி எழுது. காத்திருக்கிறேன்.

உன்னுடைய
யாசர்

*

பழவேற்காடு
20.8.2025

யாசர் அவர்களுக்கு,

பத்தாம் தேதி நான் எழுதிய கடிதத்தைத் தபாலில் போடவே இல்லை. இதோ என் முன்னால்தான் இருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டி, உங்கள் பெயர் எழுதி, உம்மாவின் பீரோவில் வைத்திருந்தேன். நான் செய்தது ஒன்றுதான். அதைத் தரையில் விரித்து, நீங்கள் வாங்கித் தந்த போனில் ஒரு படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. எடுத்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.

அசன் முகைதீன் மாமா மூட்டுவலியால் ரமலானிலிருந்து வாசல் தாண்டவில்லை. பக்கத்திலிருக்கும் பள்ளிவாசலுக்குக்கூடப் போவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே போய்க் கேட்டேன். அவர் போனில் கண்ணாடியும் உடையவில்லை. பச்சைத் துணியோடு உம்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பதை நான் ஒரு படம் எடுத்திருந்தேன். சொட்டு மருந்துச் சீட்டையும் எடுத்திருந்தேன். எடுக்கிற படமெல்லாம் தானாகக் கிளவுடுக்குப் போகும், அந்தப் போனுக்கு ஐடி திறந்து பாஸ்வேர்டு வைத்ததும் நீங்கள்தான் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக் கடைக்குள் நின்றிருந்தேன். புர்கா போட்டு, முகத்தை மூடியிருந்தேன். யா அல்லாஹ், அவர் வரக் கூடாது, வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டே நின்றேன். பத்து மணி ஆகி நீங்கள் வராமல் இருந்திருந்தால் அங்கிருந்து நேராகப் போஸ்ட் ஆபீஸுக்குப் போய், தேதியை மட்டும் திருத்தி, அந்தக் கடிதத்தைப் போட்டிருப்பேன். அதில் எழுதிய ஒரு வரியும் பொய் இல்லை. பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தேன்.

பச்சைச் சட்டையோடு காரிலிருந்து இறங்கினீர்கள். கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தேன். இரண்டு தடவை என்னைத் தாண்டி நடந்து போனீர்கள். ஒரு தடவை கடைக்குள்ளேயே வந்து தண்ணீர் பாட்டில் வாங்கினீர்கள், என் முழங்கை உங்கள் மீது பட்டிருக்கும். புதுவாயலில் உட்கார்ந்து என் வீட்டுத் தரையில் கிடந்த காகிதத்தைப் படிக்கத் தெரிந்த உங்களுக்கு, பக்கத்தில் நின்ற என்னை அடையாளம் தெரியவில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பொண்டாட்டி போனைப் பார்த்தால் அது குற்றமா என்பீர்கள். பிரிவு தாங்காமல் பார்த்தேன் என்பீர்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ராஜமாணிக்கம் சார் வீட்டிலிருந்து டீயை முடிக்காமல் வந்தேன், எனக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று எழுதினீர்களே. அந்தக் கடிதத்தை முடிப்பதற்குள்ளேயே, அதே கம்ப்யூட்டரில் உம்மாவின் கட்டிலைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த நேரம் பக்கத்தில் என்ன தின்னக் கிடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது தோன்றிய பிறகு ஒரு கூரையின் கீழ் என்னால் இருக்க முடியாது. என் துணியை மாற்றும்போதுகூட இனி முதலில் போன் எங்கே இருக்கிறது என்று தேடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சுமலதா வந்தாள். விசாரித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். காலில் விழாத குறையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க இன்னா அக்கா பண்ணுவீங்க, வுடுங்க" என்றாள். என் போனை வாங்கி எதையோ திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "அக்கா, உங்க ஐடி ரெண்டு எடத்துல தொறந்து கீது. ஒன்னு உங்க கையில. இன்னொன்னு கம்ப்யூட்டர், அது இங்க இல்ல." ஊர் பேரைக் காட்டினாள். பிறகு போனை என்னிடம் கொடுத்து, "நீங்களே மாத்துங்க" என்றாள். நான் புது பாஸ்வேர்டு அடித்து முடிக்கும்வரை அவள் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். பேச வேண்டியதை ஜமாஅத்தில் மாமா பேசுவார், நடக்க முடியாவிட்டாலும் ஆட்டோவில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். புரியாது என்று நினைத்தேன். போனை எடுத்து, கேட்டுக்கொண்டிருந்த பயானை நிறுத்தி, அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார்கள்.

உங்கள் பட்டியலை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். முதல் தடவை படித்தபோது ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தேன் என்று எழுதினேன் இல்லையா? அன்றைக்கு என் பெயரைத் தேட எனக்குத் தோன்றவில்லை. எழுத உங்களுக்கும் தோன்றவில்லை. கடைசிப் பக்கத்தில் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே நானே எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஜுவைரியா
வரிசை எண் 215